பின்கோடு கற்றுக்கொண்ட பிராசசர்

ஃபோனில் எந்நேரமும் இருபது செயலிகள் திறந்தே கிடக்கின்றன, பிராசசர் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தால் தாவுவதிலேயே பாதி நேரம் போய்விடாதா என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் நேரம் போவது, பலரும் நினைக்கிற இடத்தில் அல்ல.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு ப்ராசஸ் என்று பெயர். ஓடுகிற ப்ராசஸை நிறுத்திவிட்டு அடுத்ததை ஓடவிடுவதை கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்பார்கள். நிறுத்தும்போது ரெஜிஸ்டர்களில், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்னப் பெட்டிகளில், இருந்த எண்களைப் பத்திரப்படுத்த வேண்டும். இது பெரிய செலவே இல்லை. 64 பிட் இன்டெல், ஏஎம்டி சிப்களில் லினக்ஸ் இயங்குதளம் மாறுகிற அந்தக் கணத்தில் வெறும் 6 பொது ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் (நினைவகத்தில் இதற்கென்று இருக்கும் அடுக்கில்) தள்ளிவிட்டு, ஸ்டாக்கையே மாற்றிவிடும். மற்றவற்றை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் நுழையும் வழியிலேயே எடுத்து வைத்திருப்பார்கள், அல்லது நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். சரி, இது கிடக்கட்டும்.

உண்மையான செலவு மறதியில் இருக்கிறது.

ஒவ்வொரு ப்ராசஸும் நினைவகம் முழுக்கத் தனக்கே சொந்தம் என்ற எண்ணத்தில் முகவரி போடும். அது மெய்நிகர் முகவரி. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ஒரு காந்தி தெரு இருக்கிற மாதிரி, இரண்டு ப்ராசஸ்களுக்கும் 'காந்தி தெரு, 10ஆம் நம்பர்' இருக்கும், வீடுகள் வேறு. எந்த முகவரி நிஜத்தில் எந்த வீடு என்று சொல்வது பக்க அட்டவணை. அதுவும் ஒரே தாளில் இல்லை, பொதுவாக நான்கு அடுக்கு. ஒரு முகவரியைக் கண்டுபிடிக்க நான்கு முறை நினைவகத்துக்கு நடந்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு தடவையும் இப்படி நடந்தால் கதை கந்தல். அதனால் பிராசசர் அனுபவப்பட்ட தபால்காரரைப் போல, சமீபத்தில் கண்டுபிடித்த வீடுகளைச் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொள்கிறது. அந்த நோட்டுதான் டிஎல்பி. ரொம்பச் சின்ன நோட்டு. இன்டெலின் ஸ்கைலேக் சிப்பில் தரவுகளுக்கான முதல் நிலை நோட்டில் 64 வரிகள், இரண்டாம் நிலையில் 1536.

இப்போது ப்ராசஸ் மாறுகிறது. அதாவது தபால்காரருக்கு ஊர் மாற்றல். பழைய நோட்டு உதவாது என்பதோடு போகாது, ஆபத்தும்கூட: பழைய ஊர்க் கடிதம் போகிற வீட்டில் புது ஊர்க் கடிதத்தைப் போட்டுவிடுவார். ஆகவே பல வருடங்களாக கெர்னல் செய்தது, மாறும்போதெல்லாம் நோட்டைக் கிழித்துப் போடுவது. திரும்பப் பழைய ஊருக்கே வந்தாலும் அத்தனை வீட்டையும் முதலிலிருந்து தேட வேண்டும்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கிற குழப்பத்துக்கு இந்திய அஞ்சல் துறை 1972 ஆகஸ்ட் 15 அன்று ஒரு தீர்வு கொண்டுவந்தது: பின்கோடு. சிப்காரர்கள் செய்ததும் அதுவேதான். நோட்டின் ஒவ்வொரு வரியிலும் ஊரின் எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டால், பல ஊர்க் குறிப்புகள் ஒரே நோட்டில் சண்டையில்லாமல் இருக்கலாம். இன்டெல் இதற்கு பிசிஐடி என்று பெயர் வைத்தது. 12 பிட், ஆக 4096 ஊர்கள். 2010இல் வெஸ்ட்மியர் சிப்களிலேயே வந்துவிட்டது. உங்கள் ஃபோனில் இருக்கும் ஆர்ம் சிப்களிலும் இதே யோசனை வேறு பெயரில் உண்டு.

லினக்ஸ் இதைப் பயன்படுத்தத் தொடங்கியதோ 2017 நவம்பரில், 4.14 பதிப்பில். ஏழு வருடம்!

காரணம், பல கோர்கள், அதாவது ஒரே சிப்புக்குள் இருக்கும் பல பிராசசர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டு. ப்ராசஸ் இந்தக் கோரில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, அடுத்த கோருக்குப் போய் அங்கே சில பக்கங்களை (நினைவகத் துண்டுகளை) திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்று வையுங்கள். வீட்டை இடித்தாயிற்று. ஆனால் இந்தக் கோரின் நோட்டில் பழைய குறிப்பு, சரியான பின்கோடுடன், அப்படியே இருக்கிறது. நோட்டைக் கிழித்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. எல்லாக் கோர்களையும் தட்டி எழுப்பி 'அந்த வரியை அடி' என்று சொல்லலாம்தான். அதற்கு ஆகும் செலவில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

லினக்ஸில் இதற்குச் செய்திருப்பதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு எளிமை. ஒவ்வொரு ப்ராசஸின் முகவரி வெளிக்கும் ஒரு எண். நோட்டிலிருந்து எதையாவது அழிக்க வேண்டிய மாற்றம் வரும்போதெல்லாம் அது ஒன்று கூடும். அந்த ப்ராசஸை அப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் கோர்களுக்கு மட்டும் தகவல் போகும். மற்ற கோர்கள் தாங்கள் கடைசியாகப் பார்த்த எண்ணை ஞாபகம் வைத்திருக்கும். அந்த ப்ராசஸ் திரும்ப வந்ததும் இரண்டு எண்களையும் ஒப்பிடு. ஒன்றாக இருந்தால் பழைய குறிப்புகள் செல்லும். இல்லையென்றால் அந்த ஊர்க் குறிப்புகளை மட்டும் தூக்கிப் போடு. ஊரில் இல்லாத ஆளைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டாம், வந்ததும் பலகையைப் பார்த்துக்கொள்வார்.

இன்னொரு வேடிக்கை: 4096 ஊர்களுக்கு இடம் இருந்தும் லினக்ஸ் கோருக்கு 6 மட்டுமே வைத்துக்கொள்கிறது. ஆறு தாராளம் என்று கெர்னல் நிரலிலேயே குறிப்பு எழுதியிருக்கிறார்கள். நோட்டே சின்னது, அறுபது ஊரை வைத்து என்ன செய்ய?

இந்த மாதிரி வேலைக்கு நிதி கேட்டுப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவு என்ற சொல் இல்லாத விண்ணப்பத்தை யார் புரட்டுவார்கள்? ஆனால் 4.14 வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2018 ஜனவரியில் சிப்களில் மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. அதை அடைக்க, நிரல் கெர்னலிடம் உதவி கேட்கும் ஒவ்வொரு முறையும் பக்க அட்டவணையை மாற்ற வேண்டியதாயிற்று. போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. பின்கோடு இல்லாவிட்டால் இரண்டு தடவையும் நோட்டு கிழியும். இருந்ததால், ப்ராசஸுக்கு இரண்டு எண்களாகக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

அப்புறம், அந்த மாணவிக்கு ஒரு வார்த்தை. பின்னணியில் இருக்கும் செயலிகளையெல்லாம் அரைமணிக்கு ஒருமுறை மேலே தள்ளி மூடுவது திருஷ்டி சுற்றிப் போடுவது மாதிரிதான். அவற்றில் பெரும்பாலானவை ஓடவே இல்லை, தூங்குகின்றன. மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

வீட்டில் இன்டெல் சிப்புடன் லினக்ஸ் கணினி இருந்தால், டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu) கட்டளையைக் கொடுத்து, ஃப்ளாக்ஸ் (Flags) என்ற அந்த முடிவில்லாத வரியில் பிசிஐடி (pcid) இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பத்து வருடப் பழசான என் மடிக்கணினியில் இருக்கிறது.