கார்ப்: கரி, நீர், மாவு

இரவுச் சாப்பாட்டில் 'கார்ப்' குறைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். எதைக் குறைக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் சோற்றையும் ரொட்டியையும் சொல்வார்கள். சாப்பாட்டோடு குடிக்கும் பழச்சாறு அவர்கள் கணக்கில் வராது. இந்தக் குழப்பத்தில் 'மாவுச்சத்து' என்னும் தமிழ்ச் சொல்லுக்கும் பங்குண்டு.

'கார்ப்' என்பது கார்போஹைட்ரேட் என்னும் நெடும்பெயரின் நறுக்கு. லத்தீனில் 'கார்போ' என்றால் கரி. 'ஹைட்ரேட்' நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குளுக்கோஸில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. ஏட்டுக்கணக்கில் இது ஆறு கரியும் ஆறு நீரும். 19ஆம் நூற்றாண்டு வேதியியலார் அப்படிக் கணக்கிட்டே பெயர் வைத்தார்கள். சர்க்கரையை வாணலியில் கருகவிட்டால் ஆவி போய்க் கரி மிஞ்சும். பெயருக்கு அதுவே சாட்சி. ஆனாலும் உள்ளே நீர் நீராகவே இருப்பதில்லை. வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலமும் இதே கணக்கில் அடங்கும், அது கார்போஹைட்ரேட் இல்லை. பெயர் பிழையானாலும் நிலைத்துவிட்டது.

தமிழில் பரவலாக வழங்குவது மாவுச்சத்து. 'மா' நம் பழஞ்சொல். ஈழத்தமிழர் இன்றும் கோதுமை மா, அரிசி மா என்றே சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், மாவுச்சத்து சரியாகப் பொருந்துவது அரிசியிலும் கிழங்கிலும் இருக்கும் ஸ்டார்ச்சுக்கு மட்டுமே. கார்போஹைட்ரேட்டோ சர்க்கரை, ஸ்டார்ச், நார்ச்சத்து மூன்றுக்கும் பொதுப்பெயர். மாவே இல்லாத தேனும் பழச்சாறும் அதில் சேரும். இலங்கைப் பாடநூல்கள் பொதுப்பெயரைக் 'காபோவைதரேற்று' என்றும் ஸ்டார்ச்சை 'மாப்பொருள்' என்றும் பிரித்துவிடுகின்றன. எனக்கு அந்தப் பிரிவினை பிடித்திருக்கிறது. சமையல் குறிப்பில் 'மாவுச்சத்து' என்று எழுதலாம்; அளவு சொல்லும் இடத்தில் கார்போஹைட்ரேட் என்றே எழுதுவது நல்லது.

'லோ கார்ப்' என்பதில் வரும் 'லோ'வுக்குக் 'குறை' என்று முன்னொட்டுப் போட வேண்டாம். குறைகுடம், குறைப்பிரசவம் என்று அந்தச் சொல் ஏதோ ஊனத்தைச் சுட்டிவிடும். 'மாவுச்சத்து குறைந்த இரவு உணவு' என்பதே இயல்பு. குறைந்தது என்றால் அறவே இல்லாதது என்று பொருளில்லை. நாளுக்கு 130 கிராம் கார்போஹைட்ரேட்டுக்குக் கீழே என்பது பலர் கொள்ளும் வரம்பு. இன்னும் கடுமையான கீட்டோ உணவுமுறை பொதுவாக 50 கிராமுக்கும் கீழே இறங்கும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குறைத்தால் ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கிவிடக்கூடும்.

இந்த உணவுமுறை புதிதன்று. லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கைக் கைவிட்டு உடல் இளைத்த கதையை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். அவர் பெயரே ஸ்வீடிஷ் மொழியில் 'பான்டா' என்ற வினையாகி, உணவைக் குறைத்து இளைப்பதைக் குறிக்கிறது!

அடுப்படிக்கு வந்தால், தினமும் முட்டையும் கோழியும் என்று அலுத்துப்போவதுதான் பலர் பாதியில் விடக் காரணம். கறியை மாற்றுவதைவிட, தட்டின் அடியில் கிடக்கும் சோற்றுக்கோ ரொட்டிக்கோ பதிலாக ஒன்றை வைக்க வேண்டும். ஒரு நாள் முட்டைக்கோஸ் இலையில் மீனைச் சுருட்டலாம், மறுநாள் மெல்லிய ஆம்லெட்டில் காளானை மடிக்கலாம். சோறு வேண்டும் என்பவர்களுக்குக் காலிஃபிளவர். 100 கிராம் வெந்த சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் கார்போஹைட்ரேட். அதே எடை பச்சைக் காலிஃபிளவரில் 5 கிராம், அதிலும் 2 கிராம் நார்ச்சத்து. பூவைத் துருவித் துணியில் பிழிந்து, அகலமான சட்டியில் நல்ல தீயில் மூடாமல் புரட்ட வேண்டும். உப்பை இறக்கும்போது போடுங்கள். முன்பே போட்டால் நீர் விட்டுக் கூழாகும்.

சோற்றைத் தள்ளிவிட்டுக் குழம்பில் சோளமாவைக் கரைப்பவர்களும் உண்டு. குழம்பைத் திறந்துவைத்துச் சுண்டவிட்டாலே கெட்டிப்படும். அவசரமென்றால் அரைத்த பாதாம் ஒரு கரண்டி.