பிரேக் கைமாறும் கணம்

மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் 2009 மே மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஓராண்டு முடிவதற்குள் அங்கிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஒரே விதமான புகார் வரத் தொடங்கியது. பனி படர்ந்த சாலையிலோ குண்டும் குழியுமான இடத்திலோ பிரேக்கை லேசாக அழுத்தியபடி செல்லும்போது, பிடித்திருந்த பிரேக் திடீரென விட்டுப்போனது போலவும், வண்டி முன்னால் பாய்வது போலவும் இருக்கிறது என்றார்கள். ஆனால் வண்டியில் உடைந்த பாகமோ கசிந்த எண்ணெயோ இல்லை.

காரணம், பிரியஸ் போல பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் காரில் பிரேக் என்பது ஒன்றல்ல, இரண்டு. பெடலை மிதித்தவுடன் முன்சக்கரங்களோடு இணைந்த மின்மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. அதனால் ஏற்படும் இழுவையே வண்டியின் வேகத்தைக் குறைக்கிறது. அது போதாதபோது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வழக்கமான பிரேக் துணைக்கு வருகிறது. எவ்வளவு அழுத்தம் தேவை என்பதைப் பெடலின் அசைவிலிருந்து கணித்து இரண்டுக்கும் பங்கு பிரிப்பது கணினி. நம் காலுக்குத் தட்டுப்படும் எதிர்விசையைக்கூட ஒரு தனிக் கருவிதான் செயற்கையாக உண்டாக்குகிறது.

குழியில் இறங்கிய சக்கரம் பிடிமானத்தை இழந்து வழுக்கினால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் விழித்துக்கொள்கிறது. மோட்டாரின் இழுவையை வைத்துக்கொண்டு சக்கரத்தை நுட்பமாக ஆள்வது கடினம் என்பதால், கணினி அதை விலக்கி, பொறுப்பை எண்ணெய் பிரேக்கிடம் ஒப்படைக்கிறது. பிரியஸில் இந்தக் கைமாற்றத்தில்தான் கோளாறு இருந்தது: கால் அதே அளவு அழுத்திக்கொண்டிருந்தாலும், மாறியபின் கிடைத்த பிடி முன்பிருந்ததைவிடக் குறைவு. இன்னும் அழுத்தினால் வண்டி நின்றுவிடும். இது ஓட்டுபவரின் உணர்வைப் பொறுத்தது என்ற தொனியில் நிறுவனம் முதலில் பேசியதும் அதனால்தான். ஆனால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடிக்குள் வண்டி ஐந்தரை மீட்டர் போய்விடும் என்கையில், அதை வெறும் உணர்வு என்று தள்ளிவிட முடியாது. 2010 பிப்ரவரியில், தன் சொகுசுக் கார் வரிசையான லெக்சஸின் எச்எஸ்250எச் உள்ளிட்ட சுமார் 4.37 லட்சம் ஹைபிரிட் கார்களைச் சரிசெய்யத் திரும்ப அழைத்த டொயோட்டா, ஏபிஎஸ் மென்பொருளை மாற்றிக் கொடுத்தது.

பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது இன்வெர்ட்டர்; இதே தலைமுறை பிரியஸில் அதுவும் மென்பொருளால்தான் சங்கடப்பட்டது. பேட்டரியின் சுமார் 200 வோல்ட்டை 650 வரை உயர்த்தும் பகுதியிலுள்ள டிரான்சிஸ்டர்கள், கட்டுப்பாட்டு அமைப்பின் காரணமாக அளவுமீறிச் சூடேறிப் பழுதடையக்கூடும் என்று 2014-இல் உலகெங்கும் சுமார் 19 லட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. அப்படிப் பழுதானால் வண்டி குறைந்த சக்தியில் ஊர்ந்தாவது ஓரம் சேர வேண்டும். சில சூழ்நிலைகளில் அந்தப் பாதுகாப்பு நிலைக்கே போகாமல் ஓட்டத்திலேயே நின்றுவிடலாம் என்று 2018-இல் மீண்டும் சுமார் 24 லட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. முதல் திருத்தத்தையே திருத்த நேர்ந்தது என்பதுதான் இதில் எனக்குக் கவலை தருவது.

கெட்டுவிடுமோ என்று உரிமையாளர்கள் பெரிதும் அஞ்சும் பேட்டரியின் எதிரியோ சாதாரணத் தூசி. பின்னிருக்கையின் பக்கவாட்டிலுள்ள துவாரம் வழியாக ஒரு விசிறி காருக்குள்ளிருக்கும் காற்றை இழுத்து பேட்டரியைக் குளிர்விக்கிறது. அங்கே தூசியும் நூலும் செல்லப்பிராணியின் முடியும் அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேறாமல் பேட்டரி சீக்கிரம் நலிகிறது. ஜப்பானிலிருந்து பழைய ஹைபிரிட் கார்களை ஏராளமாக இறக்குமதி செய்த இலங்கை போன்ற வெப்பநாட்டில், வாங்குமுன் அந்தத் துவாரத்தையும் விசிறியையும் பார்ப்பது, வாங்கியபின் பையோ துணியோ வைத்து அதை மறைக்காமலிருப்பது, இரண்டுக்கும் செலவில்லை.