டெனரீஃப் பைன் வேறு, கொடைக்கானல் பைன் வேறு

போன வாரமும் ஒரு குழு. மன்னவனூர்ப் பக்கம் பைன் காட்டுக்குள் மூன்று கல்லைக் கூட்டி நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். "அணைச்சிடுங்க தம்பி" என்றேன். ஒரு பையன் செல்போனை நீட்டினான். டெனரீஃப் எரிமலைத் தீவில் கருகி நின்ற பைன் மரங்கள் மறுபடி துளிர்க்கும் வீடியோ. "பைன் தீயில சாகாதுண்ணா!" மலையில் வழிகாட்டியாக இருக்கும் எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

வீடியோ பொய்யில்லை. அதில் இருப்பது கேனரி பைன்; டெனரீஃப் இருக்கும் கேனரி தீவுக்கூட்டத்துக்கே சொந்தமான மரம். பட்டை நல்ல தடிப்பு. தீ போனபின் அதனடியில் உறங்கும் மொட்டுகள் அடிமரத்திலிருந்தே துளிர்க்கும். 2023 ஆகஸ்டில் டெனரீஃப் காடு பற்றி எரிந்தபோது தீயணைப்பவர்கள் நாள்கணக்கில் போராடினார்கள். துளிர்க்கிற மரம் என்று அவர்களே சும்மா விடவில்லை.

பைனில் நூறு இனங்களுக்கு மேல் உண்டு. இப்படித் துளிர்ப்பவை கொஞ்சம்தான். இங்கே பரவலாக நட்டிருக்கும் பாட்டுலா பைன் மெக்சிகோவிலிருந்து வந்தது. கேனரி பைன் போலவே இதற்கும் ஊசியிலை மூன்று மூன்றாகத்தான் இருக்கும், ஏமாறுவது சகஜம். அண்ணாந்து மேல்பட்டையைப் பாருங்கள்: செம்மண் நிறத்தில் காகிதம் போல் உரிந்து தொங்கும். தீ அங்கே ஏறினால் மரம் பிழைக்காது.

"வெளிநாட்டு மரம்தானே, போகட்டுமே" என்பவர்களும் உண்டு. தீ பைனோடு நிற்காதே! பக்கத்துப் புல்வெளியில் ஓடி இந்த மலைக்கே சொந்தமான சோலைக்காட்டின் ஓரத்தைத் தின்னும். சோலை மரம் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. சூடுபட்ட மண்ணில் முந்திக்கொண்டு முளைப்பது சீகை மரம், அதாவது வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில்.

அப்புறம், "தண்ணி ஊத்திட்டோம்" என்று நம்பிவிடாதீர்கள். பைன் சருகு மெத்தையாகக் கிடக்கிறது. மேல்சருகு நனைந்திருக்கும்; குச்சியால் கிளறினால் அடியில் நூலாகப் புகை வரும். மத்தியானக் காற்றுக்கு அதுவே மூண்டுவிடும்.

ஜனவரி முதல் கோடைமழை வரும்வரை காட்டுக்குள் அடுப்பும் வேண்டாம், பீடி சிகரெட்டும் வேண்டாம். மற்ற மாதங்களிலும் அப்படித்தான். புகையைக் கண்டால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் வனத்துறை செக்போஸ்டில் சொல்லுங்கள். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும், அதனால் தீக்கு மேலே ஏறி ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி இறங்குங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது நினைவிருக்கட்டும்.

பசிக்கும், தெரியும். பூம்பாறையில் சாப்பிட்டுவிட்டு, ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு வாருங்கள், தயவுசெய்து.