டஞ்சன்: கோபுரத்திலிருந்து நிலவறைக்கு இறங்கிய சொல்

2000ஆம் ஆண்டு டிசம்பரில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மாயாஜாலப் படம் வெளிவந்தது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி வெளியிட்ட விளையாட்டுதான் அதற்கு மூலம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதையை வளர்க்கும் விளையாட்டு அது. ஜெரமி அயன்ஸ் வில்லனாக நடித்தும் படம் சுமார்தான். தலைப்பில் உள்ள டிராகன்கள் வானம் நிறையப் பறக்கின்றன. டஞ்சனுக்குத்தான் போதிய இடம் இல்லை. விளையாட்டின் உயிரோ ‘டஞ்சன்’ (dungeon) என்ற அந்த ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது. அதைத் தமிழில் ‘சிறை’ என்று எழுதிக் கடந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

லத்தீனில் ‘டோமினுஸ்’ என்றால் தலைவன், உடையவன். அந்த வேரிலிருந்து பழைய பிரெஞ்சில் ‘தோன்ஜோன்’ பிறந்தது. கோட்டையின் நடுவே தலைவனுக்காக எழுப்பப்பட்ட பெருங்கோபுரம் என்பது அதன் பொருள். பாரிசை ஒட்டிய வென்சென் கோட்டையில் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய அப்படிப்பட்ட கோபுரம் சுமார் 50 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை இன்றைக்கும் தோன்ஜோன் என்றே சொல்கிறார்கள்.

தடித்த சுவரும் ஒற்றை வாயிலும் உள்ள இடம், பகைவனை வெளியே நிறுத்துவதைப் போலவே கைதியை உள்ளே நிறுத்தவும் உதவும். வென்சென் கோபுரமே பிற்காலத்தில் சிறையானது. 1749இல் எழுத்தாளர் திதெரோ அங்கே அடைக்கப்பட்டார். ஆங்கிலத்திலோ இந்தச் சொல் தலைவனை மேலேயே விட்டுவிட்டு, கைதியோடு கீழே இறங்கி, வெளிச்சம் புகாத நிலத்தடிச் சிறைக்குப் பெயராகிவிட்டது. நம் ‘கோயில்’ என்ற சொல்லும் இடம் மாறியதுதான்: சிலப்பதிகாரத்தில் அரண்மனையையும் குறித்தது, இன்று நமக்கு இறைவனின் இல்லம் மட்டுமே.

விளையாட்டு இதற்கு மூன்றாவது பொருளைத் தந்தது. ஆர்னசன் கற்பனை செய்த பிளாக்மூர் கோட்டைக்கு அடியில் அறைகளும் வழிகளும் பின்னிக் கிடந்தன. ஆட்டக்காரர்கள் புதையல் தேடி அங்கே இறங்கினார்கள். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்த வரைபடம், அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற படபடப்பு: இதுதான் ஆட்டக்காரர்களின் டஞ்சன். யாரும் அடைத்து வைக்கவில்லை, தாமாகவே போகிறார்கள். பிறகு எப்படி அது சிறையாகும்?

படத்தில் இந்தப் பொருள் உயிர்பெறும் இடம் ஒன்று உண்டு. திருடர்களின் தலைவன் வைத்திருக்கும் புதிர்ப்பாதைக்குள், பொறிகளுக்குத் தப்பி, ‘டிராகனின் கண்’ என்ற செந்நிறக் கல்லை எடுக்க நாயகன் ரிட்லி ஓடுகிறான். அந்தச் சில நிமிடங்களில் விளையாட்டின் மணம் வீசுகிறது. படம் அங்கேயே இன்னும் அரைமணி நேரம் தங்கியிருக்க வேண்டும்.

கைதிகள் இருக்கும் இடத்துக்குப் ‘பாதாளச் சிறை’ பொருத்தம். விளையாட்டின் டஞ்சனுக்கு நான் சொல்வது ‘நிலவறை’. பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் பழுவேட்டரையரின் நிலவறைக்குள் இருட்டில் வழி தேடி, பொற்குவியலைக் கண்டு திகைத்து நிற்பானே, அதே இருட்டு, அதே புதையல். ‘அறை என்றால் ஒன்றுதானே, இங்கே நூறு வழிகள் இருக்கின்றனவே’ என்று கேட்பவர்களுக்குச் ‘சுருங்கை’ இருக்கிறது. மதுரையில் யானைகள் கூட்டமாகப் போன நிலத்தடி வழியை இளங்கோவடிகள் ‘சுருங்கை வீதி’ என்கிறார். அதுவும் கிரேக்க மூலத்திலிருந்து வடமொழி வழியாக வந்த சொல் என்பது அறிஞர் பலரின் கருத்து; அதனால் குறையொன்றும் இல்லை, வந்து நம்மோடு நெடுங்காலம் ஆகிவிட்டது.

ஆட்டத்தை நடத்துபவர் இப்படித் தொடங்கலாம்: “நிலவறைக் கதவு திறக்கிறது. எதிரே இரண்டு சுருங்கைகள். இடப்பக்கத்திலிருந்து குளிர்காற்று வருகிறது. எந்த வழியில் போகிறீர்கள்?”