பாசம்: சொல்லும் பொருளும்

தாய்ப்பாசம், பிள்ளைப்பாசம், உடன்பிறந்தார் பாசம் என்றெல்லாம் நாள்தோறும் வழங்கும் ‘பாசம்’ வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். கயிறு, சுருக்கு, கண்ணி, தளை என்பனவே அங்கு அதன் அடிப்படைப் பொருள்கள். எமன் கையில் இருப்பதாகச் சொல்லப்படும் பாசக்கயிறு அப்பொருளை இன்றும் காட்டுகிறது. பாசம் என்றாலே கயிறுதான் என்பது மறந்துபோனதால், அதன் பின்னால் இன்னொரு கயிற்றையும் சேர்த்துக்கொண்டோம்.

பதி (இறைவன்), பசு, பாசம் என்று முப்பொருள் கூறும் சைவ சித்தாந்தம், உயிராகிய பசுவைக் கட்டிவைக்கும் ஆணவம், கன்மம் (வினை), மாயை ஆகியவற்றையே பாசம் என்கிறது. அங்கே பாசம் அறுக்கப்பட வேண்டியது. குடும்ப வாழ்விலோ அதே சொல் போற்றுதலுக்குரியது. முரண்போலத் தோன்றும் இவ்விரு வழக்குக்கும் அடியில் இருப்பது கட்டு என்னும் ஒரே கருத்து. உறவால் கட்டுண்ட நிலையைக் குறித்த சொல், நாளடைவில் அக்கட்டின் இனிமையையும் குறிக்கலாயிற்று. ‘பந்தபாசம்’ என்னும் தொடரில் உள்ள பந்தமும் கட்டுதான்.

இன்றைய வழக்கிலும் கயிற்றுப்பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்றே கருதுகிறேன். ‘பிள்ளைப்பாசம் கண்ணை மறைத்துவிட்டது’ என்று குறை கூறுகிறோம். அந்த இடத்தில் ‘அன்பு’ என்று போட்டால் குறை சொல்லும் தொனி தளர்ந்துவிடுகிறது. முன்பின் அறியாத ஒருவரிடம் அன்பாகப் பேசலாம்; ஆனால் அவர்மீது பாசம் உண்டாகச் சில நாள் பழக்கமாவது வேண்டும்.

அன்பு இதைவிட விரிந்த சொல். ‘அருளென்னும் அன்பீன் குழவி’ என்னும் 757ஆம் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், தொடர்பு பற்றிச் செல்வது அன்பு என்றும், தொடர்பு பற்றாது வருந்துவோர்மேல் செல்வது அருள் என்றும், முன்னது முதிர்ந்தவிடத்துப் பின்னது உண்டாகும் என்றும் பிரித்துக் காட்டுகிறார். இந்த வரிசையில் வைத்தால் பாசம் அன்புக்கும் முந்திய படியில், உறவை விட்டு நகராத இடத்தில் நிற்கும்.

காதல் என்னும் சொல்லோ எதிர்த்திசையில் சென்று சுருங்கியது. ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ என்று சம்பந்தர் பாடுவது இறைவன்மேல் கொண்ட அன்பை. பழைய வழக்கில் காதலன் என்பது மகனையும் குறிக்கும். மறுபுறம், இன்று காதல் என்று சொல்லத் தோன்றும் இடத்தில் குறுந்தொகையின் 40ஆம் பாடல் ‘அன்புடை நெஞ்சம்’ என்கிறது. நேசம், நேயம், சிநேகம் ஆகிய மூன்றும் ‘ஸ்நேஹ’ என்னும் ஒரே வடசொல்லின் வடிவங்கள் என அகராதிகள் கூறும். நேயத்தைத் தமிழின் ‘நெய்’யோடு இணைத்துக் காண்பாரும் உண்டு.

அப்படியானால் பாசத்துக்குத் தமிழ் எது? எல்லா இடத்திலும் அன்பு என்று மாற்றி எழுதுவது எளிது. ஆயினும் அது சொல்லின் பிடியை இழக்கச் செய்யும். பற்றுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த ‘பற்று’ பொருளால் மிக நெருங்கியது. அதிலும் ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்னும் குறளில் காண்பதுபோல், கொள்ளத்தக்கதும் விடத்தக்கதுமாகிய இருமுகம் உண்டு. ஆனால் நாட்டுப்பற்று, மொழிப்பற்று என்று அமைவதுபோல் ‘தாய்ப்பற்று’ வழக்கில் அமையவில்லை. ஆகவே தாய்ப்பாசத்தைத் தாயன்பு என்றும், கண்ணை மறைக்கும் பிள்ளைப்பாசத்தைப் பிள்ளைப்பற்று என்றும் எழுதலாம். ‘வீட்டில் யாரோடும் அவனுக்கு ஒட்டுதல் இல்லை’ என்னும்போது பேச்சுத்தமிழே நல்லதொரு சொல்லைத் தருகிறது. சமய நூல்களின் பாசத்தைத் தளை என்பதே பொருந்தும்.