கத்திரி வெயிலில் கர்னலை அளப்பது

மதுரை, மே மாதம், ஏசி இல்லாத மாடி அறை. காலை ஆறு மணிக்குப் பழைய லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு வேகச் சோதனை, மதியம் இரண்டு மணிக்குப் புதிய கர்னலில் அதே சோதனை. புதியது மெதுவாகத் தெரிகிறது. கர்னலைத் திட்டுமுன் அறையைப் பாருங்கள்.

வாட்டுக்கு ஒரு டிகிரி சூடேறும் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) என்று வைத்துக்கொள்வோம். சிப் 65 வாட் இழுத்தால் அறையைவிட 65 டிகிரி மேலே போகும். 25 டிகிரி அறையில் அது 90; 38 டிகிரி அறையில் 103. பல இன்டெல் சிப்கள் 100 டிகிரியைத் தொட்டதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாசி வீதித் தூசி ஃபேனை அடைத்திருந்தால் அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வரும்.

அதனால் முதலில் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) டர்போவை, அதாவது சிப் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டும் வசதியை, அணைத்து, சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை ‘பெர்ஃபாமன்ஸ்’ நிலையில் வையுங்கள். எண் குறையும், குறையட்டும். ஓட்டத்துக்கு ஓட்டம் மாறாத எண்தான் இங்கே தேவை. லேப்டாப் என்றால் கரண்ட் போன நொடியில் பேட்டரிக்கு மாறி வேகம் விழக்கூடும், யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். தானியங்கி அப்டேட், பிரவுசர் எல்லாம் நிறுத்தம்.

அதிகம் பேர் சறுக்குவது, படித்த கோப்புகளை ராமில் வைத்திருக்கும் பேஜ் கேச்சில். ஒரு கோப்பை முதல்முறை படிக்கும்போது டிஸ்க்கிலிருந்து வரும், அடுத்தமுறை ராமிலிருந்து. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் அது எதையுமே அளக்காது. டிஸ்க்கை அளப்பதென்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் ‘சிங்க்’ (ராமில் காத்திருப்பதை டிஸ்க்கில் எழுதவைக்கும் கட்டளை) கொடுத்துவிட்டு, கேச்சைக் காலிசெய்யும் ‘டிராப் கேச்சஸ்’ கோப்பில் 3 என்று எழுதுங்கள். சிங்க்கை மறந்தால், இன்னும் டிஸ்க்குக்குப் போகாத பக்கங்கள் ராமிலேயே தங்கிவிடும். கேச்சோடு அளப்பதென்றால் முதல் இரண்டு ஓட்டங்களைக் கழித்துவிடலாம்.

பழையதில் பத்து, பிறகு புதியதில் பத்து என்று ஓட்டினால் வெயில் ஏறுவதும் கணக்கில் சேர்ந்துவிடும். மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொரு பூட்டிலும், அதாவது கணினியைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், நினைவக அமைப்பு கொஞ்சம் மாறும். ஒரே பூட்டில் இருபது ஓட்டத்தைவிட ஐந்து பூட்டில் நான்கு நான்கு மேல். ரீபூட் செய்து செய்து சலிப்பு வரும், வேறு வழியில்லை. சராசரியைவிட இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுங்கள். நடுவில் விழித்த ஏதோ ஒரு பின்னணி வேலை அதை அவ்வளவாக அசைக்காது.

இத்தனைக்கும் பிறகு, ஒரே கர்னலுக்கு இரண்டு பெயர் வைத்து அதை அதோடே மோதவிடுங்கள். அதில் 3 விழுக்காடு வித்தியாசம் வந்தால், அந்த அறையில் 2 விழுக்காடு முன்னேற்றத்தைப் பற்றிப் பேச இடமில்லை.