ஸ்டாஷ்: பதுக்குவதா, எடுத்துவைப்பதா?

நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருளான கிட்டில், ஒரு கிளையில் (வேலை தனித்தனியாக நடக்கும் தடத்தில்) பாதி வேலையில் இருக்கும்போது திடீரென்று வேறு கிளைக்குப் போக வேண்டி வரும். கமிட் செய்யும், அதாவது நிலையாகப் பதியும், அளவுக்கு வேலை முடிந்திருக்காது, அழிக்கவும் மனம் வராது. அந்த நேரத்தில் மாற்றங்களைத் தற்காலிகமாக ஓரமாக வைக்கும் கட்டளைதான் ஸ்டாஷ்.

கமிட் செய்யாத மாற்றம் இருந்தாலே கிளை மாற முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நீங்கள் கைவைத்த கோப்பு இரு கிளைகளின் கடைசி கமிட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் கிட் மறுபேச்சில்லாமல் மாறிவிடும், மாற்றங்களும் கூடவே வந்துவிடும். கோப்பு வேறுபட்டால்தான் சிக்கல். உங்கள் மாற்றங்கள் அழிந்துவிடும், கமிட் செய்யுங்கள் அல்லது ஸ்டாஷ் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடும். இந்தச் சொல்லைப் பலர் முதன்முதலில் பார்ப்பதே அந்தப் பிழைச் செய்தியில்தான்.

ஆங்கிலத்தில் இதன் வேர் தெரியவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருடர்களின் பேச்சுச் சொல்லாக எழுத்தில் தலைகாட்டுகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல, நம் இலக்கணம் சொல்லும் குழூஉக்குறி வகை. பிறகு பொது வழக்குக்கு வந்து, வேண்டும்போது எடுக்க ஒரு மறைவிடத்தில் வைப்பது என்ற பொருளில் நிலைத்தது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட்டில் இந்தக் கட்டளை 2007இல், 1.5.3 பதிப்பில் சேர்ந்தது. கிட்டைப் போன்ற மென்பொருள்களான மெர்க்கூரியலும் பெர்ஃபோர்ஸும் இதே மாதிரி வேலைக்கு 'ஷெல்வ்' என்கின்றன, அதாவது அலமாரியில் வைப்பது.

ஸ்டாஷ் செய்த மாற்றங்களை உள்ளுக்குள் கிட் கமிட்டாகவேதான் சேமிக்கிறது, ஆனால் எந்தக் கிளையிலும் சேர்க்காமல். அதனால்தான் ஒரு கிளையில் வைத்ததை இன்னொரு கிளையில் எடுக்க முடிகிறது. வைத்தவை அடுக்காகச் சேரும், கடைசியாக வைத்ததுதான் மேலே, அதன் எண் 0. 'அப்ளை' என்றால் மாற்றங்கள் கோப்புக்குத் திரும்பும், அடுக்கிலும் இருக்கும். 'பாப்' என்றால் கோப்புக்குத் திரும்பி, அடுக்கிலிருந்து நீங்கிவிடும். ஆனால் கோப்பில் ஏற்கெனவே உள்ளதோடு மோதி முரண்பாடு வந்தால் பாப் கொடுத்தாலும் நீங்காது. நல்ல ஏற்பாடு. இன்னொன்று, கிட் இதுவரை கண்காணிக்காத புதிய கோப்புகளை ஸ்டாஷ் தானாக எடுத்துக்கொள்ளாது, 'மைனஸ் யூ' (-u) சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பிறப்பை வைத்துப் பார்த்தால் 'பதுக்கு' கச்சிதம். ஆனால் பதுக்கல் என்றதுமே நமக்குக் கள்ளச்சந்தைதான் நினைவுக்கு வருகிறது. 'கிடப்பில் போடு' என்றால் அது திரும்பி வராது என்று எல்லோருக்கும் தெரியும் (பாதி ஸ்டாஷ்களின் கதி அதுதான் என்றாலும்). 'ஒதுக்கிவை' ஊர் விலக்கு மாதிரி ஒலிக்கிறது, அதன் பெயர்ச்சொல்லான 'ஒதுக்கீடு' வேறு வேலைக்குப் போய்விட்டது. என் தேர்வு 'எடுத்துவை'. அப்புறம் வேண்டும் என்ற குறிப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அடுக்கில் உள்ள ஒவ்வொன்றையும் 'வைப்பு' எனலாம். பேச்சு வழக்கில் அதற்கு வேறொரு பொருள் உண்டுதான், ஆனால் வைப்புநிதி என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை.

'பாப்' என்பதற்கு மட்டும் 'மீட்டெடு' என்று எழுதாதீர்கள். 2019இல் 2.23 பதிப்பில் வந்த 'ரிஸ்டோர்' கட்டளைக்குத்தான் அந்தச் சொல் தேவைப்படும், அது செய்வதோ நேர் எதிர். கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், கமிட் செய்யாத மாற்றங்களைத் துடைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் யாராவது ஒருநாள் பாதி வேலையை இழப்பார்கள். 'வெளியே எடு' போதும்.